கடிவாளத்தைக் கடைசியில் கொடுங்கள்: அச்சுவேலித் தோட்டக் காணியில் ட்ரெஸாஜ் பழக்குவது

குதிரை வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு கெதியா ஓடும்?" என்றுதான். மாட்டுவண்டிச் சவாரி பார்த்து வளர்ந்த சனம், கேள்வியில் குற்றமில்லை. "ஓடாது, நடக்கும்" என்றால் முகம் வாடிவிடும். ட்ரெஸாஜ் என்பது குதிரையைச் சீரான அசைவுகளுக்குப் பழக்கி, திடலில் செய்து காட்டுகிற சவாரி. அதில் வேகத்துக்குப் புள்ளி இல்லை. நடை சீராக இருக்கிறதா, உடம்பு இறுகாமல் இருக்கிறதா, சொன்ன இடத்தில் சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்து நடுவர் ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை புள்ளி போடுவார். 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் தொடங்கி ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு இது.

நான் ஜேர்மனியில் வெஸ்ற்பாலியாப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் சாணம் அள்ளத் தொடங்கி, பிறகு குதிரைகளை நடத்தி, கடைசியில் ஏறிப் பழக்குகிற வேலை வரைக்கும் வந்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் தோட்டக் காணியில் ஒரே ஒரு குதிரை வைத்திருக்கிறேன். நுவரெலியாப் பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த, காயடித்த சிவப்புக் குதிரை. சிவலை என்று கூப்பிடுகிறோம். அயலில் உள்ள பிள்ளைகள் சிலர் பழக வருகிறார்கள்.

ஐரோப்பாவில் புதுப் பிள்ளையைப் பழகிய குதிரையில் ஏற்றுவார்கள். புதுக் குதிரையில் பழகிய ஆள் ஏறுவார். இரண்டும் புதிது என்றால் இரண்டும் சேர்ந்து பிழையைத்தான் பழகும். எங்களைப் போல ஒற்றைக் குதிரையோடு இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு நான் கண்ட வழி இது: குதிரையை நான் தனியாக ஏறிப் பழக்குகிறேன். பிள்ளைகளை அதே குதிரையில், நீளக் கயிற்றில் வட்டமாக விட்டு, கையில் வார் கொடுக்காமல் பழக்குகிறேன். இரண்டு பக்கமும் ஓரளவு தேறிய பிறகுதான் கடிவாள வாரைப் பிள்ளையின் கையில் வைக்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒழுங்கில்தான்.

நிலம்

சின்னத் திடலின் அளவு 20 மீற்றருக்கு 40 மீற்றர். எங்கள் தோட்டக் காணிக் கணக்கில் மூன்று பரப்புக்குக் கொஞ்சம் கூட. பெரிய போட்டிகளுக்கு 20க்கு 60 வேண்டும். பழக்கத்துக்குச் சின்னது போதும். செம்மண் தண்ணீரை நன்றாக வடியவிடும். ஆனால் கோடையில் கட்டாந்தரையாகி, குளம்புக்கும் மூட்டுக்கும் அடி விழும். மேலே ஐந்து சென்ரிமீற்றர் அளவில் மணல் பரப்பினால் சரி. கடற்கரை மணல் உருண்டையாக இருப்பதால் காலுக்கடியில் நழுவும். ஆழமாகப் போட்டால் குதிரையின் கால் தசைநார் இழுபடும். எந்த மணலானாலும் அனுமதிப்பத்திரத்தோடு வருவதையே வாங்குங்கள். ஓரத்துக்குப் பனஞ்சிலாகை போடலாம் என்று பலர் சொல்வார்கள், போடாதீர்கள். சிலாம்பு காலில் ஏறும். வெள்ளைச் சுண்ணாம்புக் கோடே போதும்.

திடலைச் சுற்றி எழுத்துகள் நிற்க வேண்டும். நாங்கள் பழைய பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்து அவற்றில் எழுதியிருக்கிறோம். நுழைகிற குட்டைப் பக்கத்தின் நடுவில் ஏ. அங்கிருந்து வலஞ்சுழியாகக் கே, ஈ, எச், சி, எம், பி, எஃப். சி எதிர்க் குட்டைப் பக்கத்தின் நடு. நடுவர் இருப்பது அங்கே. ஈயும் பியும் நெட்டுப் பக்கங்களின் நடுவில். மூலைக்குப் பக்கத்து நான்கு எழுத்துகளும் மூலையில் இருந்து 6 மீற்றர் தள்ளி. திடலின் நட்டநடு எக்ஸ். அங்கே வாளி இல்லை, மனதுக்குள்தான். பிள்ளைகளைக் குதிரை இல்லாமல் இந்தத் திடலில் நடக்க விடுங்கள். "கேயில் திரும்பி எக்ஸ் தாண்டி எம்முக்குப் போ" என்று சொல்லி ஓட விட்டால் அவர்களுக்கு அது விளையாட்டு. பிறகு குதிரையில் ஏறினதும் வழி தேடிக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

வெயிலும் காவோலையும்

நுவரெலியாக் குளிரில் இருந்து வந்த குதிரையை உடனே வேலைக்கு விடக் கூடாது. உடம்பு சூட்டுக்குப் பழக இரண்டு மூன்று கிழமை வேண்டும்; அதுவரை நடத்தல் மட்டும். அதன் பிறகும் எங்கள் பாடம் விடியத் தொடங்கி எட்டு மணிக்கு முன் முடிந்துவிடும். முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பழைய பயம். ஊற்ற ஊற்றத்தான் சூடு இறங்கும். ஒரு நடுத்தரக் குதிரை நாளுக்கு 30 முதல் 50 லீற்றர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூட. வியர்வையோடு உப்புப் போகும், எனவே தீனியில் சாதாரண உப்பு 30 கிராம் அளவில் சேர்க்கிறேன். தவிட்டை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். அதில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, எலும்புக்கு நல்லதில்லை. புல்தான் முதல் சாப்பாடு.

சோளகக் காற்று வீசத் தொடங்கினால் பனைகள் சும்மா இருக்காது. காவோலை ஒன்று தொபீர் என்று விழுந்தால் மலைநாட்டில் வளர்ந்த குதிரை ஒரே பாய்ச்சலில் வேலிக்கு அப்பால் நிற்கும். திடலைச் சுற்றியுள்ள பனைகளில் காவோலையை முதலே வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு, ஏறாமல், கீழே நின்று இதைச் செய்யுங்கள்: ஒருவர் தூரத்தில் ஒரு காவோலையை நிலத்தில் இழுத்துக்கொண்டு குதிரையை விட்டு விலகிப் போக வேண்டும். நீங்கள் குதிரையோடு அதன் பின்னால் நடக்க வேண்டும். விலகிப் போகிற பொருளுக்குக் குதிரை பயப்படுவது குறைவு. துரத்திப் போகவே பார்க்கும். சில நாளில் தானே மோந்து பார்க்கும். கோயில் லவுட்ஸ்பீக்கருக்கும் இதே முறைதான், தூரத்தில் இருந்து கிட்டத்துக்கு. வெடிக்கு மட்டும் நான் பழக்கப் போவதில்லை. திருவிழா நாளில் லாயத்தில் புல்லைக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவேன்.

பிள்ளை முதலில்

கயிறு ஏழெட்டு மீற்றர். நான் நடுவில், குதிரை சுற்றி, பிள்ளை முதுகில். வார் இல்லை, அங்கவடியும் இல்லை. சேணத்தின் முன்பக்கத்தில் ஒரு பட்டி கட்டிவிடுவேன், பயந்தால் பிடிக்க. பக்கத்தில் இருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதி நான்கும் ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். கதிரையில் இருக்கிற மாதிரி இருந்தால் கால் முன்னுக்குப் போய்விடும். அப்படி இருப்பவர் குதிரை துள்ளினதும் வாரில்தான் தொங்குவார். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சின்ன வட்டம் குதிரையின் காலுக்குப் பாரம், திசையையும் பாதியில் மாற்றுங்கள்.

முதல் பாடம் உட்காரும் எலும்பு இரண்டையும் உணர்வது. நடக்கும்போது கண்ணை மூடச் சொல்லுங்கள். குதிரையின் பின்னங்கால் ஒன்று முன்னுக்கு வரும்போது அந்தப் பக்க இடுப்பு கீழே இறங்கும், வயிறு மற்றப் பக்கம் சாயும். பிள்ளை அதை உணர்ந்து "இப்ப... இப்ப..." என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் பிழையாக வரும். பரவாயில்லை. இது வராமல் மேலே போகாதீர்கள், ஏனென்றால் காலால் அழுத்திக் கேட்க வேண்டிய கணம் இதுதான். பின்னங்கால் நிலத்தை விட்டுக் கிளம்பும்போது கேட்டால் குதிரையால் அந்தக் காலை அதிகம் முன்னுக்கு வைக்க முடியும். ஊன்றி நிற்கிற காலிடம் கேட்டு என்ன பயன்?

தாளத்துக்கு எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் கேட்டு வளர்ந்த பக்கம். இங்கே பிள்ளைகளுக்குச் சொற்கட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நடைக்கு நான்கு அடி: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். "தகதிமி" என்று வாயால் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். நடையைவிட வேகமான ட்ரொட்டில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும், "தக தக". அதைவிட வேகமான, பாய்ந்து போகிற கன்டரில் மூன்று அடியும் பிறகு ஒரு கணம் காற்றிலும், "தகிட". இடது கன்டர் என்றால் வலது பின்னங்கால் முதல், பிறகு இடது பின்னும் வலது முன்னும் சேர்ந்து, கடைசியில் இடது முன். பிள்ளை சத்தமாகச் சொல்லும்போது இரண்டு நன்மை. குதிரை அவசரப்பட்டால் சொற்கட்டு குழம்பும், உடனே தெரியும். மற்றது, பாடுகிற பிள்ளை மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. மூச்சைப் பிடித்தால் இடுப்பு இறுகும், இடுப்பு இறுகினால் குதிரையின் முதுகும் இறுகும்.

ட்ரொட்டில் எழும்பி இருக்கப் பழக்கும்போது, குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னுக்குப் போகையில் எழும்ப வேண்டும். குனிந்து பார்க்காமல் இதைப் பிடிக்கச் சில கிழமை எடுக்கும்.

உடம்பு வலிமைதான் எல்லாம் என்று நினைக்கும் பொடியன்களுக்கு லிஸ் ஹார்ட்டலைப் பற்றிச் சொல்வேன். டென்மார்க்கைச் சேர்ந்தவர். போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்து போனவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். 1952இல் ஹெல்சின்கியில், இராணுவ அதிகாரிகள் அல்லாதவர்களையும் பெண்களையும் ட்ரெஸாஜில் சேர்த்த முதல் ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் எடுத்தார். இடுப்பாலும் பாரத்தாலும்தான் கேட்டிருப்பார், வேறு எதால்?

சிவலையின் பாடம்

ஓட்டக் குதிரைக்குத் தெரிந்தவை நமக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும். வாரை இழுத்துப் பிடித்தால் அதில் சாய்ந்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று பழகியிருக்கும். ஜொக்கி குட்டை அங்கவடியில் மேலே குந்தியிருப்பதால் விலாவில் கால் பட்டே இருக்காது. ஆளைத் தூக்கி ஏற்றும்போதும் அது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே "நிற்பாட்ட இழு, போக உதை" என்று தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் காணிக்கு வெளியே நிற்பீர்கள்.

குதிரை எப்போது கற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அழுத்தம் கொடுக்கும்போது அது கற்பதில்லை, அழுத்தம் போகிற கணத்தில் கற்கிறது. அந்தக் கணத்துக்கு முன் என்ன செய்ததோ அதுதான் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். நின்ற பிறகும் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தால் நின்றதற்கு விடை கிடைக்கவில்லை; தலையை ஆட்டி வாரைப் பறித்தால்தான் கை தளர்கிறது என்றால், தலையாட்டுவதையே நீங்கள் பழக்கிவிட்டீர்கள்.

முதலில் ஏறுகிற இடம். ஒரு கொங்கிறீட் படி போதும். குதிரையைப் படிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள். நகர்ந்தால் கோபம் வேண்டாம், ஒரு சுற்று நடத்தி அதே இடத்துக்கு. அசையாமல் நின்றால் கழுத்தைத் தடவி, அங்கே இருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். படிக்குக் கிட்ட நிற்பது ஓய்வு என்று அதன் மண்டையில் ஏற வேண்டும். ஏறின பிறகும் உடனே நடக்க விடாமல் பத்து மூச்சு விடும் நேரம் சும்மா இருங்கள்.

அடுத்தது கால். இடுப்பை முன்னுக்கு விட்டு, பிண்டிக்காலால் மெதுவாக ஒரு தொடுகை. பதில் இல்லையா? இன்னும் பலமாக உதைக்க வேண்டாம். காலுக்குப் பின்னால் நீளப் பிரம்பால் தட்டுங்கள், முதல் அடி முன்னுக்கு வைத்த அதே கணம் காலும் பிரம்பும் ஓய வேண்டும். அடுத்த முறை மறுபடி அதே மெல்லிய தொடுகையில் இருந்து. எப்போதும் மெல்லியதில் தொடங்கினால்தான் மெல்லியதுக்குப் பதில் வரும். நாளெல்லாம் குதியால் இடித்துக்கொண்டிருந்தால் குதிரை அதை இலையான் மாதிரிக்கூடக் கணக்கெடுக்காது.

நிற்பது: நடையில் போகும்போது நிமிர்ந்து, உங்கள் இடுப்பு அசைவதை நிறுத்துங்கள், மூச்சை ஆறுதலாக வெளியே விடுங்கள். அதற்குப் பிறகுதான் விரல்களை மூடுவது. இழுப்பு இல்லை, ஈரத்துணியை மெல்லப் பிழிகிற அளவுதான். நின்றதும் விரல் திறக்க வேண்டும். ஒழுங்கு மாறக் கூடாது: இடுப்பு, மூச்சு, விரல். இதைச் சரியாகச் செய்தால் கொஞ்ச நாளில் குதிரை விரலுக்குக் காத்திருக்காமல் இடுப்பிலேயே நின்றுவிடும். சிவலை இப்போது அப்படித்தான். இதையே பாதியில் விட்டு, நிற்கப் போகிறது என்கிற கணத்தில் காலால் திரும்ப அனுப்பினால் அதுதான் அரை நிறுத்தம். பாரம் பின்னங்காலுக்குப் போகும், குதிரை நிமிரும், அடுத்து ஏதோ வரப் போகிறது என்று காதைத் திருப்பும். ட்ரெஸாஜில் எந்த மாற்றத்துக்கும் முன்னால் இது வரும்.

ஜேர்மன் முறையில் ஆறு படி சொல்வார்கள்: தாளம், தளர்ச்சி, வாயோடு சீரான தொடர்பு, உந்தல், நேராக இருத்தல், கடைசியில் உடம்பைக் கூட்டிச் சேர்த்தல். நம்மைப் போன்றவர்களுக்கு முதல் மூன்றும்தான் முதல் ஒரு வருஷம். கடைசிப் படி பல வருஷ வேலை. போனில் வீடியோ பார்த்துவிட்டுக் கழுத்தை வளைத்து வைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். தலையைக் கீழே இழுத்துக் கட்டுகிற வேலை என் காணியில் நடக்காது. இரண்டு காதுக்கும் பின்னால் உள்ள உச்சிதான் உயரமாக இருக்க வேண்டும், மூக்கு செங்குத்துக் கோட்டுக்குச் சற்று முன்னால். பின்னங்கால் வேலை செய்தால் கழுத்து தானாக வரும். வராவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை.

இருபது மீற்றர் வட்டம்

லேசான விஷயம் என்று எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான், நடுவர் புள்ளி வெட்டுவதும் இதில்தான். ஏயில் தொடங்குகிற 20 மீற்றர் வட்டம் நான்கு இடத்தைத் தொடும்: ஏ, ஒரு நெட்டுப் பக்கத்தில் மூலையில் இருந்து 10 மீற்றர், எக்ஸ், மற்ற நெட்டுப் பக்கத்தில் அதே 10 மீற்றர். பிள்ளைகள் கே வாளியைத் தேடிப் போவார்கள். கே மூலையில் இருந்து 6 மீற்றர்தான். வட்டம் ஓரத்தைத் தொட வேண்டியது அதற்கு 4 மீற்றர் அப்பால். அங்கே போனால் வட்டம் இல்லை, மூலை வளைந்த பெட்டி. நடுவில் ஒரு முளை அடித்து, 10 மீற்றர்க் கயிறு கட்டி, சுண்ணாம்பால் ஒரு தரம் கீறிக் காட்டுங்கள். அந்தக் கோடு மழையில் அழிந்த பிறகும் கண்ணில் இருக்கும்.

சைக்கிளில் வளர்ந்த பிள்ளைகள் இங்கே. வட்டம் என்றதும் கைப்பிடியைத் திருப்புகிற மாதிரி உள்பக்க வாரை இழுப்பார்கள். கழுத்து உள்ளே வளையும், தோளோ வெளியே நழுவி நேரே போகும். "அன்ரி, இவன் கேக்கிறான் இல்லை" என்பார்கள். "நீ என்ன கேட்டனி? அதை முதல் சொல்லு" என்பேன். திருப்புவது வெளிப்பக்கம்தான். உங்கள் நெஞ்சும் இடுப்பும் போக வேண்டிய பக்கம் திரும்ப வேண்டும், வெளிக் காலும் வெளி வாரும் தோளை உள்ளே கொண்டுவரும். உள் கால் விலாவைச் சுற்றி வளைக்கிற தூண். உள் கை கழுத்தைத் தாண்டி மறுபக்கம் போகவே கூடாது. எல்லாக் குதிரைக்கும் ஒரு பக்கம் வசதி, ஒரு பக்கம் கடினம். கடினப் பக்கத்தையே ஆய்க்கினைப்படுத்தாமல் வசதிப் பக்கத்தில் தொடங்கி, கடினத்துக்குப் போய், வசதியில் முடியுங்கள்.

இந்த வட்டம் சீரான பிறகு பக்கவாட்டு அசைவுகளுக்குப் போகலாம். முதலில் காலுக்கு விலகிப் போதல்: குதிரை நேராக இருந்தபடி, கால்களைக் குறுக்காக வைத்து முன்னுக்கும் பக்கத்துக்கும் போவது. பிறகு தோள் உள்ளே. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் லா கெறினியேர் வகுத்த பயிற்சி இது. குதிரையின் முன்பகுதி ஓரத்தில் இருந்து 30 பாகை அளவில் உள்ளே வந்து, முன்னால் நின்று பார்த்தால் கால்கள் மூன்று தடத்தில் தெரியும். உள் பின்னங்காலைப் பாரம் தாங்க வைப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஐந்தாறு அடி சரியாக வந்தால் போதும், நேரே விட்டுப் பாராட்டுங்கள். நெட்டுப் பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு காலைப் பாடம்

முதல் பத்து நிமிடம் நீள வாரில் நடை, எதுவும் கேட்பதில்லை. அடுத்த பத்து நிமிடம் பெரிய வட்டங்களில் எழும்பி இருக்கிற ட்ரொட், திசை மாற்றி மாற்றி. அன்று என்ன படிக்கப் போகிறோமோ அதற்குப் பதினைந்து நிமிடம், நடுவில் இரண்டு தரம் வாரை முழுக்க விட்டு ஓய்வு. பெரும்பாலும் மாற்றங்கள்தான்: நடை நிறுத்தம், நடை ட்ரொட், ட்ரொட் நடை, எல்லாம் எழுத்தடியில். எழுத்து சவாரிக்காரரின் உடம்புக்கு நேரே வரும்போது மாற்றம் நடக்க வேண்டும். இரண்டடி தள்ளி நடந்தால் அடுத்த முறை அரை நிறுத்தத்தை முன்னாலே தொடங்க வேண்டும் என்று அர்த்தம், கையை இறுக்க வேண்டும் என்று அல்ல. கடைசிப் பத்து நிமிடம் மறுபடி நீள வார். நீட்டின வாரைத் தேடிக் குதிரை கழுத்தை முன்னுக்கும் கீழுக்கும் நீட்டினால் பாடம் நன்றாகப் போயிருக்கிறது. தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் இறுகி இருந்திருக்கிறது. நாளைக்கு லேசாக விடுங்கள். கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு, ஒரு நாள் தொண்டைமானாறுப் பக்கம் வெளியே நடை.

வாரை எப்போது பிள்ளையிடம் கொடுப்பது? கயிற்றில், வார் இல்லாமல், ட்ரொட்டில் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டியபடி ஒரு முழு வட்டம் பட்டியைத் தொடாமல் இருக்க முடிந்தால் கொடுக்கலாம். அதுவும் முதலில் வாயிரும்பில் இல்லை, மூக்குப் பட்டியில் கட்டின வார். மூன்று மாதத்தில் வருகிற பிள்ளையும் உண்டு, வருஷம் எடுக்கிற பிள்ளையும் உண்டு. "காசு கட்டிக் கயிற்றில சுத்துறதோ?" என்று கேட்ட தகப்பனை ஒரு நாள் சிவலையில் ஏற்றிக் கயிற்றில் விட்டேன். பிறகு அவர் கேட்கவில்லை.

நெடுந்தீவு

"நெடுந்தீவில் கனக்கக் குதிரை நிக்குது, ஒண்டைப் பிடிச்சுப் பழக்கினால் என்ன?" இந்தக் கேள்வி மாதம் ஒரு தரம் வரும். அவை பாதுகாக்கப்பட்ட குதிரைகள். ஐரோப்பியர் காலத்தில் வந்து காட்டுத்தனமாகப் பெருகியவை. தொடாதீர்கள், தீவை விட்டுக் கொண்டுவரவும் நினைக்காதீர்கள். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறிக்கட்டுவானில் படகேறிப் போய்ப் பாருங்கள். அதுவும் பாடம்தான். சேணம் இல்லாத குதிரை எப்படித் திரும்புகிறது, நிற்கும் முன் பின்னங்காலை எப்படி அடியில் கொண்டுவருகிறது, இரண்டு குட்டிகள் விளையாடும்போது கன்டரில் கால் மாற்றுவது எப்படி என்று தூரத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். நாம் வருஷக்கணக்கில் கேட்டு வாங்குவதெல்லாம் அவற்றிடம் சும்மா இருக்கிறது. முதுகில் ஆள் ஏறினதும்தான் அது கெடுகிறது. தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், நிழல் குறைவு.

முரண்டு பிடித்தால்

நேற்றுவரை செய்ததை இன்றைக்கு மறுத்தால் முதலில் நோவைத் தேடுங்கள். முதுகில் விரலை அழுத்தி ஓட்டிப் பாருங்கள், எங்கே நடுங்குகிறது என்று. சேணம் தோளை அமத்துகிறதா, வாய் ஓரம் புண்ணா, ஒரு பக்கம் மட்டும் மெல்லுகிறதா? பல் கூராகி உள்கன்னத்தை வெட்டுவது சாதாரணம். வருஷத்துக்கு ஒரு தரமாவது பல்லைப் பார்ப்பிக்க வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் சீவ வேண்டும். இங்கே லாடம் அடிப்பவர்கள் வண்டில் மாட்டுக்குப் பழகியவர்கள், குதிரைக்குளம்பு பிளவில்லாத வேறு அமைப்பு. குதிரை தெரிந்த ஆளைத் தெற்கில் இருந்து கூப்பிட்டு, அவர் சீவும்போது பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள். இதெல்லாம் சரி, இன்னும் மறுக்கிறது என்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். ட்ரொட்டில் வராததை நடையில் கேளுங்கள், நடையில் வராததைக் கீழே நின்று கேளுங்கள்.

மாரி

ஐப்பசி, கார்த்திகையில் திடல் சேறாகிவிடும். அப்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொள்ள யாரும் அவசரப்பட வேண்டாம். லாயத்துக்கு முன்னால் நாலு யார் காய்ந்த இடம் இருந்தால் கையில் பிடித்துச் செய்கிற வேலை கனக்க இருக்கிறது: ஒரு விரல் தொடுகையில் பின்னுக்குப் போதல், பின்பகுதியை மட்டும் நகர்த்துதல், தோளை மட்டும் நகர்த்துதல். பிள்ளைகள் அந்த நேரத்தில் போட்டிப் பாடம் ஒன்றை மனப்பாடம் செய்யலாம். தாளில் 20க்கு 40 பெட்டி கீறி, பென்சிலால் ஓட்டி, வாயால் "தக தக" சொல்லிக்கொண்டு. தை பிறந்து நிலம் காய்ந்ததும் முதல் இரண்டு கிழமை நடையும் கொஞ்ச ட்ரொட்டும்தான், கன்டர் அதற்குப் பிறகு.